இரவு தங்கி ஆழ்கடலில் பெரிய மீன் பிடிக்கப் போகிறீர்களா? அட்வான்ஸ் அனுப்புமுன் படித்துவிடுங்கள்

நான்கு பேர் சேர்ந்து பல மாதம் பணம் சேர்த்து, ஒரு வாடகைப் படகு பேசி, ஓர் இரவு தங்கிப் பெரிய மீன் பிடிக்கப் போனோம். கரைக்குத் திரும்பியபோது கையில் இருந்தது ஒரே ஒரு சூரை மீன், அதுவும் ஐஸ் போதாமல் நடுச்சதை பழுப்பேறிப் போயிருந்தது. இரண்டு பேர் வாந்தியெடுத்தே பயணத்தை முடித்தார்கள், அதில் நானும் ஒருவன். கடைசியில் கணக்குப் பார்த்தால் முதலில் பேசியதைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்திருக்கிறோம். மீன் குறைவாகக் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை, கடல் கொடுப்பதுதான் கிடைக்கும். மற்றதெல்லாம் பணம் அனுப்புவதற்கு முன்னால் சில கேள்விகள் கேட்டிருந்தால் நடந்தே இருக்காது. அடுத்த தடவை எல்லாவற்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு போனேன், பயணமே வேறாக இருந்தது. முதல் தடவை போகிறவர்கள் அந்தப் பாடத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

1. எந்த மீனுக்காகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"பெரிய மீன் பிடிக்கணும்" என்று மட்டும் சொன்னால் படகுக்காரர் தனக்கு வசதியான இடத்துக்குக் கூட்டிப்போவார். வாள்மீனா, சூரையா, மார்லினா (ஈட்டி போல மூக்கு நீண்ட பெரிய மீன்) என்பதைப் பொறுத்து போகிற இடம், இரை, தூண்டில், கிளம்பும் நேரம் எல்லாமே மாறும்.

வாள்மீன் பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும், இருட்டியதும் கணவாயையும் சிறு மீன்களையும் துரத்திக்கொண்டு மேலே ஏறி வரும். அதனால்தான் இரவுப் பயணம் அதற்கு ஏற்றது. படகை அணைத்து நீரோட்டத்தோடு மிதக்கவிட்டு, விளக்கு போட்டு, வெவ்வேறு ஆழத்தில் இரையை இறக்கி வைத்துக் காத்திருப்பார்கள். பெரிய சூரைகள் இரவிலும் கடிக்கும், ஆனால் விடியலை ஒட்டிய ஒன்றிரண்டு மணி நேரமும் அந்திப் பொழுதும்தான் முக்கியமானவை. இரவு தங்குவதன் உண்மையான லாபமே இதுதான்: ஒரே நாளில் போய்வருகிற படகு இருட்டில் கரையிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கும்போது நீங்கள் ஏற்கனவே மீன் இருக்கிற இடத்தில் இருப்பீர்கள். மார்லின் பெரும்பாலும் பகல் வேட்டை. படகு ஆறிலிருந்து ஒன்பது நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் ஓடிக்கொண்டே இரையை இழுத்துப் போகும். மார்லின் மட்டும்தான் வேண்டும் என்றால் இரவுப் பயணத்துக்கு அதிகப் பணம் கொடுப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

2. தனிப் படகா, பங்கு இருக்கையா

முழுப் படகையும் நீங்களே பேசலாம், அல்லது முன்பின் தெரியாதவர்களோடு ஓர் இருக்கையை மட்டும் வாங்கலாம். இருக்கை மலிவு. ஆனால் ஒரு பெரிய மீன் மாட்டினால் மற்றவர்கள் தூண்டிலைச் சுருட்டிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், அந்த மீன் ஒன்று இரண்டு மணி நேரம்கூட இழுக்கும். இருபது முப்பது பேர் ஏறும் படகில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை என்றால் நான்கு பேர் சேர்ந்து சின்னப் படகைத் தனியாக எடுப்பதுதான் நல்லது என்பேன்.

படகு எத்தனை பேருக்கு அனுமதி பெற்றது என்று கேட்பதோடு எத்தனை பேர் படுக்கலாம் என்றும் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஆறு பேர் ஏறலாம் என்று சொன்ன படகில் மூன்று படுக்கைதான் இருந்தது, அதிலும் ஒன்று கேப்டனுக்கு. கழிப்பறை உண்டா என்றும் தயங்காமல் கேளுங்கள். இரவு முழுக்க ஓட்டுவதற்கும் காவல் இருப்பதற்கும் எத்தனை பேர் என்பது இன்னும் முக்கியம். ஒரே கேப்டன் முதல் நாள் மதியத்திலிருந்து மறுநாள் மாலை வரை கண்விழித்து ஓட்டுவார் என்றால் அந்தப் படகு வேண்டாம். மிதந்துகொண்டிருக்கும் படகை நோக்கி சரக்குக் கப்பல் வருகிறதா என்று யாராவது ஒருவர் எந்த நேரமும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

3. ஆவணங்கள்

கேப்டனின் உரிமம், பயணிகளை ஏற்றிச் செல்ல படகுக்கு உள்ள அனுமதி, பயணிகளுக்கான காப்பீடு. மூன்றின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் தயங்காமல் அனுப்புவார். இழுத்தடித்தால் வேறு படகு பாருங்கள்.

அடுத்தது மீன்பிடி உரிமம், இதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சில இடங்களில் படகின் உரிமமே பயணிகளுக்கும் போதும், சில இடங்களில் ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுக்க வேண்டும். சூரை, வாள்மீன், மார்லின் போன்ற தொலைதூரம் வலசை போகும் மீன்களுக்குப் பல நாடுகளில் தனி அனுமதியும் உண்டு, எத்தனை பிடிக்கலாம், குறைந்தது எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், எதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும் என்ற கணக்கும் உண்டு. இந்த அளவுகள் பருவத்துக்கு நடுவிலேயே மாறலாம், ஒதுக்கீடு தீர்ந்ததும் அந்த மீனைப் பிடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அதனால் படகுக்காரர் சொல்வதோடு நிற்காமல் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மீன்வளத் துறையின் அறிவிப்பை நீங்களே பாருங்கள். அபராதம் வந்தால் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. பொழுதுபோக்கு உரிமத்தில் பிடித்த மீனை விற்பது பெரும்பாலான இடங்களில் குற்றம், "மீனை விற்று செலவை ஈடுகட்டிடலாம்" என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள்.

உங்கள் அடையாள அட்டையின் அசலை நீர் புகாத உறையில் எடுத்துப் போங்கள். இன்னொரு நாட்டின் கடல் எல்லை பக்கத்தில் இருந்தால் படகு அந்தப் பக்கம் போகுமா, அங்கே பிடிக்க அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு நாட்டின் பொருளாதார மண்டலம் கரையிலிருந்து 200 கடல் மைல் வரை நீளும், மீன் மேல் உள்ள உரிமையும் அதோடு சேர்ந்தது.

பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். அதைக் கப்பல் துறையில் நின்று அவசரமாகப் போடாமல் முன்கூட்டியே அனுப்பச் சொல்லிப் படியுங்கள். உடைந்த தூண்டிலுக்கு யார் பணம் என்பது அதில்தான் ஒளிந்திருக்கும்.

பாதுகாப்புச் சாமான்களில் நான் மூன்றைக் கண்ணால் பார்க்காமல் ஏறுவதில்லை. ஒன்று, தானாக விரியும் உயிர்காப்பு மிதவை, அதன் மேல் ஒட்டியிருக்கும் அடுத்த பராமரிப்புத் தேதி. இரண்டு, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவி, அதன் பேட்டரி காலாவதித் தேதி. மூன்று, செயற்கைக்கோள் தொலைபேசி. விஎச்எஃப் வானொலியின் 16-ஆம் அலைவரிசைதான் உலகெங்கும் ஆபத்து அழைப்புக்கு, ஆனால் அது நேர்கோட்டில் எட்டும் தூரம்வரைதான். கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதை மட்டும் நம்ப முடியாது. உங்கள் அளவுக்கு உயிர்காப்பு அங்கி இருக்கிறதா என்று போட்டும் பாருங்கள்.

4. செலவு: பேசிய தொகை வேறு, கொடுக்கும் தொகை வேறு

நாங்கள் ஏமாந்தது இங்கேதான். விளம்பரத்தில் பார்த்தது படகு வாடகை மட்டும். எரிபொருள் தனி. தூரம் போகப் போக அதுதான் வாடகையோடு போட்டி போடும். இரை தனி, உயிருள்ள இரை என்றால் இன்னும் கூடுதல். ஐஸ் தனி, சாப்பாடு நம்முடையது, உரிமக் கட்டணம் நம்முடையது. கரைக்கு வந்ததும் மீன் வெட்டிச் சுத்தம் செய்து பொட்டலம் போட எடைக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம், படகு உதவியாளர்களுக்கு அன்பளிப்பு. இவை ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதி, "இது வாடகையில் சேர்ந்ததா, தனியா, தனி என்றால் எவ்வளவு" என்று கேட்டு பதிலை எழுத்தில் வாங்குங்கள். எரிபொருளுக்கு உச்சவரம்பு கேளுங்கள். அன்பளிப்பு பல இடங்களில் உதவியாளரின் வருமானத்தில் பெரும் பங்கு. இரவெல்லாம் கண்விழித்து இரை கோத்தவருக்கு அதைக் குறைக்க மனம் வராது, அதனால் முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் கேட்க வேண்டியவை மூன்று. வானிலை மோசமானால் பணம் திரும்ப வருமா, வேறு தேதிதான் தருவார்களா? போகலாமா வேண்டாமா என்பதை யார், எத்தனை மணி நேரம் முன்னால் முடிவு செய்வார்கள்? படகு பாதி வழியில் பழுதாகித் திரும்பினால் என்ன? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத படகுக்கு நான் இப்போது அட்வான்ஸ் கட்டுவதில்லை. இன்னொன்று, வானிலை பார்த்து கேப்டன் வேண்டாம் என்றால் அது முடிவு. பணம் கட்டியிருக்கிறோமே என்று அவரை வற்புறுத்தாதீர்கள்.

நண்பர்களுக்குள்ளும் பேசிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் வரவில்லை என்றால் அவர் பங்கை யார் கட்டுவது? எங்களில் ஐந்தாவதாக வர வேண்டியவர் முந்தின நாள் விலகினார், அவர் பங்கு எங்கள் நான்கு பேர் தலையில் விழுந்தது. அடுத்த தடவை எல்லோரிடமும் முழுப் பங்கையும் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொண்டேன்.

5. தேதி

பருவத்தின் உச்ச வாரங்களுக்குப் பல மாதம் முன்பே பதிவாகிவிடும். தேதி எடுக்கும்போது முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் சும்மா விடுங்கள். படகு தாமதமாகத் திரும்பும், நீங்களும் உறங்காமல் இருப்பீர்கள், அன்று மாலையே விமானமோ ரயிலோ பதிவு செய்யாதீர்கள். தூக்கமில்லாமல் நீண்ட தூரம் வண்டி ஓட்டுவது அதைவிட மோசம். நிலவு பற்றி ஒவ்வொரு கேப்டனுக்கும் ஒரு கணக்கு இருக்கும். வாள்மீனுக்கு முழு நிலவை ஒட்டிய இரவுகளை விரும்புகிறவர்கள் நிறைய.

வானிலை அறிவிப்பில் எல்லோரும் அலையின் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். 12 விநாடி இடைவெளியில் வரும் 2 மீட்டர் அலை படகைத் தொட்டில் போலத் தூக்கி இறக்கும். 5 விநாடி இடைவெளியில் வரும் ஒன்றரை மீட்டர் அலை எலும்பை உலுக்கிவிடும். அறிவிப்பில் போடும் உயரம் எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான், தனியாக ஒரு அலை கிட்டத்தட்ட இரண்டு மடங்குகூட வரலாம். காற்றும் நீரோட்டமும் எதிரெதிர்த் திசையில் இருந்தால் கடல் இன்னும் செங்குத்தாக நிற்கும்.

6. குமட்டலை அலட்சியம் செய்யாதீர்கள்

பேருந்திலும் காரிலும் எனக்கு ஒன்றும் ஆனதில்லை, அதனால் மாத்திரை எதற்கு என்று இருந்துவிட்டேன். படகு ஓடும்போது நன்றாகத்தான் இருந்தது. இருட்டியதும் எஞ்சினை நிறுத்தி மிதக்க விட்டார்கள். அடிவானம் தெரியவில்லை, படகு பக்கவாட்டில் உருள ஆரம்பித்தது, டீசல் வாடையும் வெட்டிய இரையின் வாடையும் சேர்ந்து வந்தது. அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது கதை. விடியலில் நண்பர் சூரையோடு மல்லுக்கட்டியபோது என்னால் தலையைத் தூக்கிப் பார்க்கவும் முடியவில்லை.

மருந்து வாந்தி வருவதற்கு முன்னால்தான் வேலை செய்யும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமின் பட்டையைக் குறைந்தது நான்கு மணி நேரம் முன்னால் ஒட்ட வேண்டும், மூன்று நாள் வரை தாங்கும். கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் சிறுநீர் அடைப்புத் தொந்தரவு உள்ளவர்களுக்கும் அது ஆகாது, மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒட்டிய கையை உடனே கழுவுங்கள், அதோடு கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கும். மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் மாத்திரைகளை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இவை தூக்கம் வரவைக்கும், அதனால் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. முந்தின இரவு மது வேண்டாம், வயிறு காலியாகவும் இருக்க வேண்டாம். படகில் நடுப்பகுதியில், தாழ்வான இடத்தில், காற்று படும்படி இருங்கள். கீழறைக்குப் போய் போனைப் பார்ப்பதுதான் மிக மோசமான செயல். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கண்ணை மூடிப் படுத்துவிடுங்கள்.

7. பை

கடினமான பெட்டி வேண்டாம், மடங்கும் பை போதும். தளத்தில் கறை விடாத, வழுக்காத காலணி, மழை அங்கி, இரண்டு செட் உலர்ந்த உடை, இரவில் நினைப்பதைவிடக் குளிரும் என்பதால் ஒரு கம்பளிச் சட்டை. தலையில் மாட்டும் விளக்கு சிவப்பு ஒளி தரக்கூடியதாக இருக்கட்டும், வெள்ளை ஒளியை ஓட்டுகிறவர் முகத்தில் அடித்தால் அவருக்குச் சில நிமிடங்கள் இருட்டில் எதுவும் தெரியாது. போலராய்டு கண்ணாடி, சன் ஸ்கிரீன், கையுறை, நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து இரண்டு நாளைக்குக் கூடுதலாக. சில கேப்டன்கள் படகில் வாழைப்பழம் ஏற்றவிட மாட்டார்கள், மீன் வராது என்பது அவர்கள் நம்பிக்கை. அவர் படகு, அவர் நம்பிக்கை, விட்டுவிட்டு வாருங்கள்.

8. இரவும் விடியலும்

கிளம்பும்போதே கடி வரிசையைப் பேசி வைத்துவிடுங்கள். முதல் மீன் யாருக்கு, அடுத்தது யாருக்கு, தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்புவதா அடுத்தவருக்குப் போவதா. இதைப் பேசாமல் நல்ல நண்பர்கள் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன். உலக சாதனைக் கணக்கு உங்களுக்கு முக்கியம் என்றால், சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிப்படி மீன் போராடும்போது வேறொருவர் தூண்டில் கோலைத் தொட்டாலே அது செல்லாது. அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

இரவில் தனியாகப் படகின் ஓரத்துக்குப் போகாதீர்கள், சிறுநீர் கழிப்பதற்காகக்கூடப் போகக் கூடாது. எழுந்ததும் உயிர்காப்பு அங்கி, அப்புறம்தான் வெளியே. எஞ்சின் சத்தத்தில் ஒருவர் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்காது.

இரண்டாவது பயணத்தில் என் முறை வந்தபோது கிழக்கு வெளுக்க ஆரம்பித்திருந்தது. முதலில் கோலின் நுனி இரண்டு தடவை தலையாட்டியது. அப்புறம் ரீலில் இருந்து லைன் கீச்சென்று ஒரே மூச்சில் ஓடியது, ரீலின் பக்கவாட்டைத் தொட்டால் சூடு தெரிந்தது. எனக்கு உடனே கோலைப் பிடித்து வெட்டி இழுக்கத் தோன்றியது. உதவியாளர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். வட்டத் தூண்டில் முள்ளுக்கு வெட்டு இழுப்பு கூடாது. மெதுவாகச் சுற்றினால் மீன் திரும்பும்போது முள் தானாக வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும், வெட்டி இழுத்தால் வாயைவிட்டு வந்துவிடும்.

ரீலின் டிராக்கில், அதாவது லைன் ஓடுவதை இறுக்கிப் பிடிக்கும் பிரேக்கில், கை வைக்காதீர்கள். லைன் தாங்கும் எடையில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அதை ஏற்கனவே அமைத்திருப்பார்கள், 80 பவுண்டு லைன் என்றால் 20-லிருந்து 27 பவுண்டு வரை. மீன் ஓடும்போது ஓடவிடுங்கள், நின்றதும் கோலைக் கொஞ்சம் தூக்கி, இறக்கும்போது சுற்றுங்கள். முதுகால் இழுக்காமல் முழங்காலை மடக்கி உடம்பு எடையால் இழுங்கள். லைனைக் கையில் சுற்றிக்கொள்ள மட்டும் கூடவே கூடாது, விரல் போகும்.

9. மீன் படகுக்கு வந்தபின்

மீனைக் கொக்கித் தடியால் குத்தித் தூக்கும்போது பின்தளத்தில் உங்களுக்கு வேலை இல்லை, தள்ளி நில்லுங்கள். மார்லினும் வாள்மீனும் தலையை வீசினால் அந்த வாள் ஆளைக் குத்தும். விட்டுவிடுவது என்று முடிவானால் மீனைத் தண்ணீரிலேயே வைத்துப் படம் எடுத்து விடுங்கள், தளத்துக்கு இழுத்துப் போட்டு எடுக்க வேண்டாம்.

வைத்துக்கொள்வது என்றால் அடுத்த பத்து நிமிடம்தான் எல்லாமே. சூரையின் உடம்பு மற்ற மீன்களைப் போலக் கடல் நீரின் வெப்பத்தில் இருக்காது, அதைவிடச் சூடாக இருக்கும், போராடிய பிறகு இன்னும் சூடேறும். உடனே இரத்தத்தை வடித்து, செவுளையும் குடலையும் எடுத்து, ஐஸும் கடல் நீரும் கலந்த குழம்பில் முழுக்க மூழ்க வைக்க வேண்டும். எங்கள் முதல் மீனை ஐஸ் மேல் சும்மா கிடத்தி வைத்திருந்தார்கள். வெளியே தொட்டால் ஜில்லென்றிருந்தது. வெட்டியபோது முதுகெலும்பை ஒட்டிய சதை வெந்தது போலக் கலங்கி, விரலுக்கு மாவாக உதிர்ந்தது. அதனால் எத்தனை கிலோ ஐஸ் ஏற்றுகிறீர்கள் என்று கிளம்பும் முன்பே கேளுங்கள், எதிர்பார்க்கும் மீனின் எடைக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும். இது சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. சூரை வெதுவெதுப்பில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போலத் தொந்தரவு தரும் பொருள் சேரும், அது சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. நாக்கில் மிளகு போலச் சுருக்கென்று பட்டாலோ சாப்பிட்டதும் முகம் சிவந்து தலை வலித்தாலோ அந்த மீனைத் தூக்கிப் போட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

மீன் யாருக்குச் சேரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டிய விஷயம். முழுவதும் பயணிகளுக்கா, படகுக்குப் பங்கு உண்டா, எல்லோருக்கும் சமமா, பிடித்தவருக்கா? வீட்டுக்குக் கொண்டுபோகக் கனமான ஐஸ் பெட்டியை வண்டியிலேயே தயாராக வைத்திருங்கள், படகில் அதற்கு இடம் இருக்காது. விமானத்தில் கொண்டுபோவதாக இருந்தால் எடை வரம்பையும் உலர் பனிக்கட்டி விதியையும் முன்பே விசாரியுங்கள். அக்கம்பக்கத்தில் பங்கு கொடுக்கும்போது வாள்மீன், மார்லின், பெரிய சூரை போன்றவற்றில் பாதரசம் அதிகம் என்பதைச் சொல்லியே கொடுங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சின்னக் குழந்தைகளும் இருக்கிற வீட்டுக்கு அதைக் கொடுக்காமல் வேறு சின்ன மீன் கிடைத்திருந்தால் அதைக் கொடுங்கள்.